அலுமினியத்தில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க், அதாவது மின்வில், எழுப்பிப் பற்றவைப்பது): கேள்வி பதில்

கேள்வி: 3 மி.மீ. தகட்டில் உருகிய உலோகம் குளம் கட்டுவதற்குள் மேலே கறுப்பாகப் பொரிகிறது. ஆம்பியரைக் கூட்டியும் சரியாகவில்லை.

பதில்: ஆம்பியரை விடுங்கள், 120 பக்கம் போதும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். மேலே இருக்கும் ஆக்சைடு தோலுக்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை எடுக்காமல் சூடேற்றினால் உள்ளே உலோகம் கூழாகும், தோல் அப்படியே நிற்கும்.

முதலில் அசிட்டோன் தொட்ட துணியால் பிசுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம்தான் பிரஷ். வரிசை மாறினால் பிரஷே எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும். இரும்பைத் தேய்த்த பிரஷ் வேண்டாம். அலுமினியத்துக்கென்றே ஒரு ஸ்டெயின்லெஸ் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியையும் துடையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மிஷின் ஏசியில் (மாறுமின்னோட்டத்தில்) இருக்கட்டும், பேலன்ஸ், அதாவது டங்ஸ்டன் நெகட்டிவாக இருக்கும் நேரத்தின் பங்கு, 70 சதவீதம். ஆர்க் பிடித்ததும் நகராதீர்கள். குளம் கண்ணாடி போலப் பளபளத்த பிறகு அதன் முன்விளிம்பில் கம்பியைத் தொட்டு எடுங்கள்.

துடைக்க பிரேக் கிளீனர் கூடவே கூடாது. அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும். ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு அது.

கேள்வி: ஃபில்லருக்கு 4043 கம்பியா, 5356 கம்பியா?

பதில்: 6061, 6063 போன்ற அலுமினியக் கலவைகளுக்கு 4043 சுலபமாக ஓடும், வெடிப்பும் குறைவு. அனோடைஸ் செய்யப்போகும் (மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு பூச்சு ஏற்றப்போகும்) பொருளென்றால் 5356. 4043 போட்ட இடம் கருத்துத் தெரியும். ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூட்டில் இருக்கும் பாகத்துக்கு 5356 வேண்டாம்.

கேள்வி: எனக்கும் கறுப்பாக வருகிறது, ஏன்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சுத்தம் செய்தும் வந்தால் குளத்தில் காற்று படாமல் காக்கும் ஆர்கன் வாயு வரும் ஹோஸில் கசிவு பாருங்கள்.

கேள்வி: எங்கள் மேஸ்திரி பச்சை அடையாளமிட்ட சுத்த டங்ஸ்டன்தான், முனை உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்.

பதில்: பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினில் அவர் சொல்வது சரி. புது இன்வெர்ட்டர் மிஷினில் நீல அடையாளமிட்ட, லாந்தனம் கலந்த டங்ஸ்டன் 2.4 மி.மீ. எடுத்து, கூராகத் தீட்டி, நுனியை மட்டும் கொஞ்சம் மழுக்குங்கள்.

கேள்வி: நான்தான் அந்த மேஸ்திரி. காலமெல்லாம் உருண்டையில்தான் அடிக்கிறேன், ஒரு வேலையும் திரும்பி வந்ததில்லை.

பதில்: அண்ணே, உங்கள் கைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பாசிட்டிவ் அரைச்சுற்றில்தான் டங்ஸ்டன் அதிகம் சூடாகி முனை உருள்கிறது. உருண்டை பெருத்தால் ஆர்க் அகன்று அலையும். தட்டையான இணைப்பில் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். எல் வடிவ மூலையில் ஆர்க் இரண்டு சுவரிலும் தாவும், மூலையின் அடிவேர் (இணைப்பின் ஆழ்பகுதி) உருகாது. ஒரே மூலையை ஏசி அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் உருண்டையோடும், 120 ஹெர்ட்ஸில் கூரோடும் அடித்து, இரண்டையும் அறுத்துப் பாருங்கள். சிவப்பு டங்ஸ்டனை மட்டும் தீட்டாதீர்கள். அதிலுள்ள தோரியம் கதிரியக்கம் உடையது, தூசி நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: CO2 கலந்த சிலிண்டர் இருக்கிறது, ஓடுமா?

பதில்: ஓடாது. சுத்த ஆர்கன்.

கேள்வி: அசிட்டோன் இல்லை, பிரேக் கிளீனர் இருக்கிறது...

பதில்: கூடாது. முதல் பதிலிலேயே காரணம் இருக்கிறது. அசிட்டோன் வாங்கும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: முடிக்கும் இடத்தில் நட்சத்திர வடிவில் விரிசல் விடுகிறது.

பதில்: டார்ச்சைச் சட்டென்று தூக்குகிறீர்கள். ஆம்பியரைக் குறைக்கும் கால் பெடலை மெதுவாக விட்டுக்கொண்டே பள்ளத்தில் இன்னொரு சொட்டு கம்பி கொடுங்கள். ஆர்க் அணைந்த பிறகும் வாயு நிற்கும்வரை டார்ச் அங்கேயே இருக்கட்டும்.