அறை வெப்பநிலை 30 டிகிரி

(கொடைக்கானலில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ‘எங்கள் ஊர்ப் பயிர்’ என்று புராஜெக்ட் கொடுத்தார்கள். செல்போனில் ஏஐயிடம் கேட்டு, மலைப்பூண்டைப் பற்றிப் பத்துப் பக்கம் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுவிட்டான். கேட்டால், “பரீட்சையில பிட் அடிச்சாத்தாம்மா தப்பு, புராஜெக்ட் எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க” என்கிறான். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
— ஒரு தாய், பூம்பாறை

இல்லை அம்மா, நீங்கள் கேட்டது சரிதான். ஆனால் அவனை மட்டும் திட்டி முடித்துவிடாதீர்கள். இந்த வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

பிளஸ் ஒன் இயற்பியலில் நியூட்டனின் குளிர்வு விதி என்று ஒரு செய்முறை உண்டு. கலோரிமீட்டரில் வெந்நீர் ஊற்றி, குறிப்பிட்ட இடைவெளியில் வெப்பமானியைப் பார்த்து எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரு டிசம்பர் மாலை, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, மப்ளர் சுற்றிக்கொண்டு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் நோட்டில் ‘அறை வெப்பநிலை 30 டிகிரி’. அடுத்ததிலும் 30. அதற்கடுத்ததிலும் 30. என் விரல்கள் விறைத்துப் பேனா பிடிக்க வரவில்லை, நோட்டில் 30 டிகிரி. கீழே சமவெளியில் யாரோ எடுத்த ரீடிங் கைடில் ஏறி, சீனியர் நோட்டுக்கு வந்து, அங்கிருந்து இவர்கள் நோட்டுக்கு இறங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷங்களிலும் அதே 30 இருந்திருக்கும். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முப்பத்தெட்டு நோட்டில் ஒன்றே ஒன்றில் 16 என்று இருந்தது. அதுவும் பென்சிலில். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். “சார், என் கிராஃப் மட்டும் மத்தவங்களுது மாதிரி வரல. அழிச்சிட்டு மாத்திடட்டுமா?” என்று கேட்டாள். தண்ணீருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வித்தியாசம் கூடக்கூட வேகமாக ஆறும் என்பதுதான் அந்த விதியே. 65 டிகிரித் தண்ணீருக்கு 30 டிகிரி அறையில் வித்தியாசம் 35. அன்றைக்கு எங்கள் லேபில் 49. அதனால் அவள் கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. உள்ளபடி பார்த்து எழுதிய ஒரே பிள்ளை, தான்தான் தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. மற்ற முப்பத்தேழு பேரையும் மறுபடி செய்ய வைத்தேன். இரண்டு சனிக்கிழமை போனது. போகட்டும்.

பிட் வைத்திருந்தால் பறக்கும் படை பிடிக்கிறது, ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறார். இதைப் பார்த்து வளரும் பையன் உங்கள் மகன் சொன்னதைத்தானே சொல்வான்?

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்தப் பத்துப் பக்கத்தையும் அவனோடு உட்கார்ந்து படியுங்கள். நடவு எந்த மாதம் என்று போட்டிருக்கிறது? சமவெளியில் பூண்டு குளிர்காலப் பயிர். நம் மலையில் மே வாக்கில் ஒரு தரம், நவம்பர் வாக்கில் ஒரு தரம் போடுகிறோம். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஏஐ சொல்லிவிடும். போன மழையில் உங்கள் காட்டில் எத்தனை மூட்டை அழுகியது, விதைப்பூண்டை வீட்டில் எங்கே கட்டித் தொங்கவிடுகிறீர்கள், வடுகபட்டி சந்தைக்கு ஏற்றினால் வண்டி வாடகை எவ்வளவு என்பதெல்லாம் உங்களைக் கேட்டால்தான் கிடைக்கும். அவன் கேட்கட்டும், கையால் இரண்டு பக்கம் எழுதட்டும், ‘இது அம்மா சொன்னது’ என்று போடட்டும். புத்தகத்திலிருந்தோ ஏஐயிடமிருந்தோ எடுத்த வரிக்குப் பக்கத்திலும் எங்கே எடுத்தது என்று எழுதிவிட வேண்டும். அந்த இரண்டு பக்கத்தோடு அவனே ஆசிரியரிடம் போய், பழையதற்குப் பதிலாக இதை வாங்கிக்கொள்ளும்படி கேட்கட்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் காப்பி அடிப்பதே இல்லையாமே? நம் பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி?
— ஒரு தந்தை, பண்ணைக்காடு

அது உண்மையில்லை. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் மெக்கேப் இதையே பல வருஷம் ஆராய்ந்தவர். 2002 முதல் 2015 வரை 70,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டதில், தேர்வில் காப்பி அடித்ததாக 64 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். பிறர் எழுத்தைத் தனது போல எடுத்தவர்கள் 58 சதவீதம். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதையும் சேர்த்தால் 95 சதவீதம். அதெல்லாம் ஏஐ வருவதற்கு முன்னால். நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ‘அங்கேயும் அப்படித்தானே’ என்று விட்டுவிடவும் வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கிறேன். இயற்பியல் தேர்வில் ஒரு மார்க் விடைகளைக் காட்டு என்று என் உயிர்த்தோழி கேட்கிறாள். மறுத்தால் பேசமாட்டாள். காட்டுவது உதவிதானே சார்?
— ஒரு மாணவி, பெருமாள்மலை

அவளை விட்டுவிட முடியாமல் நீ தவிப்பது புரிகிறது, அம்மா. ஆனால் ஹாலில் காட்டாதே. பிடிபட்டால் இரண்டு பேருக்குமே ஆபத்து. பிடிபடாவிட்டாலும், அடுத்த தேர்வில் நீ பக்கத்தில் இல்லாதபோது அவள் என்ன செய்வாள்?

“ஹால்ல முடியாது, ஆனா அதுக்கு முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் சொல்லித் தர்றேன்” என்று இன்றைக்கே சொல்லிவிடு. ஒரு மார்க் கேள்வி மொத்தமே 15. பெருமாள்மலையிலிருந்து கொடைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும். ஜன்னலோரத்தில் அவளை உட்கார வைத்து, போகும்போது ஐந்து, வரும்போது ஐந்து என்று கேள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மூன்றாம் நாள் அவளே இடம் போட்டு வைப்பாள். நிலைமின்னியலில் ஆரம்பியுங்கள். கணக்கு எங்கேயாவது இடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு எழுதுங்கள்.