ஹாஸ்பிடலும் ஹோட்டலும் உறவா?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் நடந்தால் ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் என்ற பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்துக் கண்ணில் படுகின்றன. இச்சொற்களின் ஒலி ஒற்றுமை தற்செயலானதா?
– காட்பாடி வாசகி ஒருவர்

பதில்: தற்செயலன்று, மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீனில் 'ஹாஸ்பெஸ்' என்னும் சொல், விருந்தாக வந்தவரையும் அவரை வரவேற்று உபசரிப்பவரையும் ஒருங்கே குறித்தது. அதன் வழிப் பிறந்த 'ஹாஸ்பிடாலே', விருந்தினர் தங்கும் இடத்துக்குப் பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில் ஹாஸ்பிடல் என்பது, வழிப்போக்கருக்கும் புனித யாத்திரை செல்வோருக்கும் ஆதரவற்ற முதியோருக்கும் உணவும் படுக்கையும் அளித்த அறச்சாலையையே, ஏறத்தாழ நம் ஊர்ச் சத்திரத்தையே குறித்தது. அங்கு வந்து சேர்ந்தவர்களுள் நோயுற்றோரும் பலர் இருந்ததால், அவர்களுக்குச் செய்த பணிவிடையே காலப்போக்கில் முதன்மை பெற்று, சொல்லின் பொருளும் மருத்துவத்தின் பக்கம் சாய்ந்தது. பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை: 1552-இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல், இன்றும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்.

அதே இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'ஹாஸ்டல்' ஆயிற்று. பிற்காலப் பிரெஞ்சில் இடையிலிருந்த 'ஸ்' ஒலியும் மறைந்துபோக, அந்த வடிவத்தை ஆங்கிலம் மறுபடியும் கடன் வாங்கி ஹோட்டல் என்றது. பாரிசின் மிகப் பழைய மருத்துவமனைக்கு 'ஓதெல் தியூ' என்றே பெயர். கடவுளின் விடுதி என்பது அதன் பொருள். தங்குமிடத்தைச் சுட்டிய ஹோட்டல் நம்மிடம் வந்து சாப்பாட்டுக் கடையானது தனிக் கதை.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி இன்று பெருநிறுவனமாக வளர்ந்திருக்கும் வேலூரில் இந்த உறவு கண்கூடு. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் குடும்பங்கள், சிகிச்சை முடியும்வரை லாட்ஜ்களில் தங்கித் தாமே சமைத்து உண்பதால், இங்கே ஹாஸ்பிடலையும் தங்குமிடத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

இதே குடும்பத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொரு சொல். பகைமை மிக்க என்னும் பொருளுடைய 'ஹாஸ்டைல்', 'ஹாஸ்டிஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் தொல்பொருள் அயலார் என்பதே. அதுவே பின்னர்ப் பகைவர் என்று திரிந்தது. ஆங்கிலத்தில் விருந்தினரைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்னும் சொல்லும் அதே தொல்வேரைச் சேர்ந்ததே. முன்பின் அறியாத ஒருவரைப் பகைவர் என்றும் விருந்தினர் என்றும் அழைக்க ஒரே வேர் இடமளித்திருக்கிறது. தமிழிலோ, தொல்காப்பியம் புதுமை என்னும் பொருளில் ஆளும் 'விருந்து' என்ற சொல், புதிதாக வந்தவருக்கும் அவருக்குப் படைக்கும் உணவுக்கும் பெயராகி நிலைத்தது.