அந்தாட்டிக்கா மீனும் மாங்குளத்து ஐஸ்கிறீமும்

கேள்வி: சில உயிரினங்களில் உறைவதைத் தடுக்கும் புரதம் இருக்கிறதாமே, அதனால் நமக்கு ஏதும் பயன் உண்டா?

உண்டு. அதை எனக்கு விளங்க வைத்தது எங்கள் சித்தப்பாவின் கூல்பார்.

மாங்குளத்தில் 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற நாட்களில் பின்னேரம் கடையில் நான்தான் நிற்பேன். இளகிய ஐஸ்கிறீம் கரண்ட் வந்ததும் திரும்ப இறுகும். ஆனால் கரண்டி போட்டால் ஈரமணலைத் தோண்டுவது போல நறநறக்கும். பாலும் சீனியும் அதேதான். பொடியாக இருந்த பனித்துகள்கள் உருகி, மிஞ்சிய துகள்களில் ஒட்டிப் பெருத்துவிட்டன. விற்க மனமில்லாமல் வாளி வாளியாகக் கொட்டினோம்.

துகள் இப்படிப் பெருப்பதைத்தான் அந்தப் புரதம் தடுக்கிறது. சாதாரண மீனின் இரத்தம் ஏறத்தாழ −0.7 பாகை செல்சியஸில் உறையும். அந்தாட்டிக்கா கடல்நீரோ உப்பு கூடியதால் −1.9 வரை உறையாது. அதற்குள் மீன்கள் எப்படி உயிரோடு திரிகின்றன? 1960களில் ஆதர் டிவ்ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த மீன்களின் இரத்தத்தில் இருந்த, சர்க்கரை இணைந்த புரதத்தைக் கண்டுபிடித்தார்.

அது பனித்துகளின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. நெல்மூட்டையைக் கயிற்றால் இறுக்கினால் கட்டுகளுக்கு நடுவே சாக்குப் பிதுங்குமல்லவா? புரதங்களுக்கு நடுவே பனியும் அப்படிப் பிதுங்குகிறது. வளைந்த அந்தப் பரப்பில் புதிதாக நீர் வந்து ஒட்டுவது கடினம். இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது, அந்த மீன்களின் மண்ணீரலில் நுண்ணிய பனித்துகள்கள் உண்மையிலேயே கிடக்கின்றன என்பதுதான். துகளோடேயே மீன் வாழ்கிறது, அதை வளர மட்டும் விடுவதில்லை.

சரி, பயனுக்கு வருவோம். ஓஷன் பவுட் என்ற மீனின் புரதத்தை ஈஸ்டில் உற்பத்தி செய்து ஐஸ்கிறீமில் சேர்க்கிறார்கள். மீனைக் கொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இதற்கு அனுமதி கொடுத்தது. மாற்றுச் சிகிச்சைக்கான உறுப்புகளைக் குளிரில் பாதுகாக்கவும் ஆராய்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு சிக்கல்: புரதம் கூடினால் பனி ஊசி போல வளர்ந்து கலங்களைக் குத்திவிடும். ஆகவே எனக்கு இப்போதைக்கு நம்பிக்கை உணவுப் பக்கம்தான்.

இதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டார்: "அப்ப கரண்ட் இல்லாட்டியும் உருகாதோ தம்பி?"

உருகும் சித்தப்பா. திரும்ப இறுகும்போது நறநறப்பு குறையும், அவ்வளவுதான்.