பாடும் மீன் கேட்கப் போய் நான்கு இரவுத் தூக்கம் போனவருக்கு

தம்பி, ஒன்பது வயது மகன் பாடும் மீன் (மட்டக்களப்பு வாவியில் இரவில் தண்ணீருக்கடியிலிருந்து வரும் இசை போன்ற ஒலி) கேட்க வேண்டுமென்று தொடர்ந்து நான்கு இரவு அந்த வாவி மேலுள்ள கல்லடிப் பாலத்துக்கு இழுத்துப்போனான், நுளம்புக்கடிதான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். என் மகளுக்கு நண்டுப் பைத்தியம். குளியலறை வாளியில் பதினொன்று வளர்த்தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பன்னிரண்டாவது என் சப்பாத்துக்குள் இருந்த அன்றுதான் என் பொறுமை முடிந்தது.

சரி, உங்கள் விஷயம். தேய்பிறையில், வாகன இரைச்சலுக்கு நடுவே பாலத்தின் மேல் நின்றால் என்ன கேட்கும்? ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பூரணையை ஒட்டிய அமைதியான இரவுகள்தான் தோது. தெரிந்தவர் தோணியில் பாலத்தடிக்குப் போங்கள் (மகனுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம்). துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வையுங்கள்.

இனி, 'பூரணைக்குத்தான் மகன்' என்று சொல்லிவிடலாம். மாதத்துக்கு ஒரு இரவுதான் தூக்கம் போகும், மாரியில் அதுவுமில்லை.

ஒன்று மட்டும்: பாடுவது மீனல்ல, ஊரி (ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற உயிரி) என்று நம் ஊரில் சிலர் சொல்வதை அவன் காதில் போட்டுவிடாதீர்கள். அப்புறம் உங்கள் வீட்டு வாளியும் நிறைந்துவிடும்.