கஞ்சா: மருந்து, சட்டம், வகுப்பறை – வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கஞ்சாவைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களில் ஒரு பாதி நோயாளியின் வீட்டிலிருந்து வருகிறது. மறுபாதி பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வீட்டிலிருந்து. இரண்டிலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "பெயர் போட வேண்டாம்." போடவில்லை.

என் மகளுக்கு 7 வயது, எடை 20 கிலோ. மூன்று வலிப்பு மாத்திரை கொடுத்தும் வாரத்துக்கு நாலைந்து முறை வலிப்பு வருகிறது. ஆன்லைனில் 'சிபிடி ஆயில்' கிடைக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா டாக்டர்? – ஒரு தாய், திருப்பூர்

நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அம்மா. ஆனால் கேள்வி நியாயமானது. இதைக் கேட்டதற்காக யாராவது உங்களை அதட்டியிருந்தால், அது அவர்கள் தவறு.

கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். சிபிடியும் அதே செடியிலிருந்து வருவதுதான், ஆனால் போதை தராது. சுத்திகரித்த சிபிடி திரவத்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் அனுமதி கொடுத்தது. லெனாக்ஸ்-காஸ்டாட், டிராவே என்ற இரண்டு கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. 2020-இல் டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோயால் வரும் வலிப்பும் சேர்ந்தது. லெனாக்ஸ்-காஸ்டாட் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், திடீரென்று கீழே விழவைக்கும் வலிப்புகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. மருந்தே இல்லாத திரவம் குடித்த குழந்தைகளுக்கும் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் அற்புதம் என்று சொல்ல முடியாது.

இப்போது பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். உங்கள் மகளுக்குக் குறைந்தபட்சம் 200 மில்லிகிராம் வரும். 30 மில்லி பாட்டிலில் மொத்தமே 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஐந்து நாளில் காலி. விற்பவர் "காலை இரண்டு சொட்டு, இரவு இரண்டு சொட்டு" என்று சொல்லியிருந்தால், ஒரு வேளைக்கு மூன்று மில்லிகிராம் சொச்சம்தான் உள்ளே போகும். அதில் வலிப்பு நிற்காது. காசுதான் போகும்.

சரியான அளவில் கொடுத்தால் வேறு சிக்கல்கள் வரும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்குக் கல்லீரல் என்சைம்கள் ஏறலாம். க்ளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிட்டால் அதன் அளவு ரத்தத்தில் கூடி, பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழியும். ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. எண்ணெயை நம்பி இப்போதைய மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் கேட்காத வலிப்பை, வலிப்பு நோய்க்கென்றே உள்ள மையத்தில் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைகள் இரண்டிலும் வலிப்புக்கான அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறையும் சில குழந்தைகளுக்கு நன்றாகக் கை கொடுக்கிறது. முதலில் அங்கே போங்கள். சிபிடி வேண்டுமா என்பதையும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வலியில் இரவெல்லாம் கத்துகிறார். கஞ்சா எண்ணெய் வலியையும் போக்கும், கட்டியையும் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? – மகன், விழுப்புரம்

கட்டியைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்ததை நோயாளிக்கு நடந்ததாக எழுதிவிடுகிறார்கள். புற்றுநோய் வலிக்குக் கஞ்சா ஸ்பிரே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளும் தேறவில்லை. கீமோ வாந்திக்கு டிஎச்சி மாத்திரை வெளிநாடுகளில் அனுமதி பெற்ற மருந்துதான். அதையும் மற்ற மருந்துகள் கேட்காதபோதே தருகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின். மாத்திரையாகவே வாய்வழி கொடுக்கலாம், விலையும் குறைவு. இது கிடைக்காமல் போனதற்கு ஒரு கதை உண்டு. 1985-இல் என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தபோது, மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கவே பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருந்துக்கடைகள் விலகின, மருத்துவர்களுக்கும் எழுதும் பழக்கம் விட்டுப்போனது. ஒரு தலைமுறைப் புற்றுநோயாளிகள் வலியோடு செத்தார்கள். கடத்தலைத் தடுக்கப் போட்ட சட்டம் படுக்கையில் கிடந்தவர்களைத் தண்டித்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று அறிவித்து நாடு முழுக்க ஒரே விதி கொண்டுவந்தார்கள். அதனால் இன்று கிடைப்பது முன்பைவிட எளிது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலித் தணிப்புப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மார்ஃபின் தொடங்கினால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், முதல் நாளிலேயே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். "அடிமையாகிவிடுவாரோ" என்ற பயத்தில் வேளை தவறவிடாதீர்கள்.

சித்த மருந்துகளில் கஞ்சா சேர்க்கிறார்கள். அது மட்டும் எப்படிச் சட்டப்படி சரி? – கும்பகோணம்

சட்டம் 'கஞ்சா' என்று சொல்வது பூ, காய் உள்ள நுனிப்பகுதியை. பிசினை 'சரஸ்' என்று தனியாகக் குறிக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இலையை மாநில அரசுகள் தங்கள் விதிகளில் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் பயன்படுத்த சட்டத்திலேயே வழி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்து, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டு வரும் சித்த, ஆயுர்வேத மருந்து ஒன்று. பெட்டிக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் லேகியம் வேறொன்று. இரண்டாவதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

ஐ.நா.வே கஞ்சாவை அனுமதித்துவிட்டதாமே? தாய்லாந்தில் கடையில் விற்கிறார்கள். மிட்டாயாக இருந்தால் கொண்டு வரலாமா? – சென்னை

கூடாது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம், சர்வதேச போதைப்பொருள் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவாக 27, எதிராக 25 வாக்குகளோடு அது நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்தது. மருத்துவப் பயன் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதுதான் அதன் பொருள். கட்டுப்பாடுகள் உள்ள முதல் பட்டியலில் கஞ்சா அப்படியே இருக்கிறது. தாய்லாந்தும் 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டது. மிட்டாயோ பொட்டலமோ, நம் விமான நிலையத்தில் இறங்கினால் அது கடத்தல் வழக்கு. வழியில் சிங்கப்பூரில் இறங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை.

17 வயது மகனின் பையில் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. போலீஸுக்குப் போனால் வாழ்க்கையே போய்விடுமா? ஆன்லைனில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கி வாராவாரம் சோதிக்கலாமா? – அப்பா, மதுரை

முதலில் சட்டம். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் 'சிறிய அளவு', 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. சிறிய அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவென்றால் 10 முதல் 20 ஆண்டுகள். உங்கள் மகன் 18 வயதுக்குக் கீழ் என்பதால், வழக்கென்று வந்தாலும் இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் விசாரணை நடக்கும். சிறார் நீதிச் சட்டத்தின்படி இது சிறு குற்றம். பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாமல் காக்கும் பிரிவும் அதில் உண்டு. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64-ஏ பிரிவையும் பலர் அறிவதில்லை. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு கோரலாம். மருத்துவரிடம் வர பயப்படாதீர்கள்.

டெஸ்ட் கிட் வேண்டாம். தினமும் புகைத்தவர் நிறுத்திப் பல வாரம் ஆனாலும் அது 'பாசிடிவ்' காட்டும். நிஜமாகவே விட்டுவிட்ட பையனைப் பொய்யன் என்று திட்டுவீர்கள். இன்னொரு பக்கம், ஒயிட்னர் முகர்ந்தால் அதில் தெரியாது. டேபென்டடால் வலி மாத்திரையும் சாதாரண கிட்டில் சிக்காது. கஞ்சாவை விட்டுவிட்டு இவற்றுக்குத் தாவிய பிள்ளைகளை என் ஓ.பி.யில் பார்க்கிறேன்.

தூக்கம், சாப்பாடு, மதிப்பெண், வீட்டில் காணாமல் போகும் பணம், இவை மாறுகின்றனவா பாருங்கள். யாரோ பின்தொடர்கிறார்கள், பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் அன்றே கூட்டி வாருங்கள். இந்த வயதில் வீரியமான கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். போதை எதிர்ப்பு மன்றப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் உறுதிமொழியும் மண்டையோட்டுப் படக் கண்காட்சியும் நடத்தினோம். வேறென்ன செய்யலாம்? – தர்மபுரி

உறுதிமொழி எடுக்கட்டும், தப்பில்லை டீச்சர். மண்டையோட்டைக் கழற்றிவிடுங்கள். பயமுறுத்திப் பிள்ளைகளைத் தடுக்கும் முறை வேலை செய்யாது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸார் வகுப்பெடுக்கும் 'டேர்' என்ற திட்டம் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகளும் உட்காராத பிள்ளைகளும் போதைப் பழக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். "ஒரு தடவை இழுத்தால் செத்துவிடுவாய்" என்று மேடையில் சொல்கிறோம். முதல் நாள் மாலை இழுத்த பையன் வரிசையில் உயிரோடு நிற்கிறான். அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் அவன் நம்பமாட்டான்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கஞ்சா பழகுபவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பள்ளி வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில், கஞ்சா வகைகளைக் கடந்த ஓராண்டில் பயன்படுத்தியவர்கள் 2.8 சதவீதம்தான். "எல்லாரும்தான் அடிக்கிறாங்க" என்று சொல்லும் பையனுக்கு இந்த ஒரு எண் போதும். அதே கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்தது ஒன்றே ஒன்று: முகர்ந்து இழுக்கும் பொருட்கள். ஒயிட்னரும் பஞ்சர் சொல்யூஷனும் பிள்ளைகளின் பைக்குள்ளேயே இருக்கின்றன. உதட்டுக்குள் வைக்கும் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலமும் அப்படித்தான். கஞ்சாவை மட்டும் பேசிவிட்டு இவற்றை விட்டுவிடாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் இப்படி ஒரு பீரியட் எடுத்துப் பாருங்கள். இரண்டு பையன்களை முன்னால் கூப்பிடுங்கள். ஒருவன், "மச்சி, ஒரே ஒரு இழுப்புடா" என்று வற்புறுத்த வேண்டும். மற்றவன் சண்டை போடாமல், நட்பு முறியாமல் நழுவ வேண்டும். "பஸ் போயிரும்டா", "எங்கண்ணன் மோப்பம் புடிச்சிருவான்டா" என்று அவர்கள் வாயிலிருந்தே பதில்கள் வரும். கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்த மாதம் வேறு இரண்டு பேர். வருடத்துக்கு ஒரு பெரிய விழாவைவிட இப்படிச் சிறிது சிறிதாக, பேசிப் பழகும் வகுப்புகளுக்குத்தான் ஓரளவாவது பலன் தெரிந்திருக்கிறது. பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டியும் வையுங்கள்.

ஒரு மாணவன் மாட்டிக்கொண்டால் தலைமை ஆசிரியர் டி.சி. கொடுக்கச் சொல்வார். முடிந்தவரை தடுங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளை நாள் முழுக்க விற்பவன் கையில் இருப்பான். பெற்றோரைத் தனியாக அழைத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். சிறுவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்குச் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரை அந்தக் கடைக்காரர் மேல் கொடுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்பதும் குற்றம் என்பதைப் புகாரில் சேர்த்தே எழுதுங்கள்.