மூணு சுழி ண அடைபடாமல் இருக்கணும்: கொட்டை எழுத்து பற்றிச் சில பதில்கள்

தாராவியில் கடைப் பலகையும் பிளெக்ஸும் வடிவமைக்கிறேன். மும்பைத் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணே, பொங்கல் பேனருக்கு இம்பாக்ட் ஃபாண்ட் போட்டேன். இங்கிலீஷ் ஜம்முனு வருது, தமிழ் மட்டும் மெலிசா வருதே?

இம்பாக்ட் என்கிற அந்தத் தடித்த, ஒடுங்கிய ஃபாண்டில் தமிழ் எழுத்தே கிடையாது தம்பி. 1965-இல் ஜெஃப்ரி லீ வரைந்தது. ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் வெளியிட்டது. இல்லாத எழுத்துக்குக் கணினி வேறு ஃபாண்டிலிருந்து எடுத்துப் போடுகிறது. பேனர்களில் அதிகம் வரும் இன்னொரு ஒடுங்கிய ஃபாண்டான பெபாஸ் நியூவிலும் தமிழ் இல்லை.

அப்போ தமிழைக் கோரல்டிரா (வடிவமைப்பு மென்பொருள்) உள்ளே அகலத்தை மட்டும் 60 சதவீதமாக் குறைச்சா என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். எனக்கு மனசு வலிக்கும் வேலை இது. 'ப'வைக் குறுக்கிப் பாருங்கள்: இரண்டு தூணும் மெலியும், அடிக்கோடு பழைய தடிமனிலேயே கிடக்கும். முறையாக வரைந்த ஒடுங்கிய எழுத்தில் தூணின் தடிமனைக் காப்பாற்றி, உள்ளே இருக்கும் வெள்ளையைத்தான் குறைப்பார்கள். கோடுகள் கூடுமிடத்தில் கொஞ்சம் இளைக்க விடுவார்கள். மூணு சுழி 'ண'வில் அந்த வெள்ளை அடைபட்டால் ரெண்டு சுழியா மூணு சுழியா என்று தெரியாது. மெஸ் வாசலில் 'மணம்' என்று எழுதியதை 'மனம்' என்று படித்துவிட்டுப் போவார்கள்.

மும்பையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்புக் குழுவான எக் டைப்பின் 'அனெக் தமிழ்' ஃபாண்டை எடுங்கள். அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரை, தடிமனை 100 (மெலிசு) முதல் 800 (தடிப்பு) வரை நகர்த்தலாம். இலவசம், கடை வேலைக்கும் பயன்படுத்தலாம். முழுத் தடிமன் வேண்டுமென்றால் அகலத்தை 75-இல் வைக்காமல் 85 பக்கம் நிறுத்துவது என் வழக்கம்.

மாட்டுங்காவில் மெஸ் வைத்திருக்கிறேன் சார். பலகையில் மராத்தி, தமிழ் இரண்டும் வேண்டும்.

மகாராஷ்டிரக் கடைகள் சட்டத்தின் 2022 திருத்தப்படி இங்கே மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. அனெக்கில் தேவநாகரியும் இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் தமிழை மட்டும் ஒடுக்குங்கள், ஐயா.

இங்கிலீஷ் போஸ்டர் மாதிரி வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாமா அண்ணா?

முடியாதும்மா. இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் எதுவும் நீளாது. நமக்கு மேலே புள்ளி, 'கி'யின் மேல்வளைவு. கீழே 'கு', 'மூ'. ஒட்டினால் மேல்வரியின் 'கு' கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். எந்த இரண்டு எழுத்து நேருக்கு நேர் வருகிறது என்று பார்த்து, சொல்லை இடம் மாற்றியாவது இடைவெளி விடு.

எத்தனை அங்குலம் வைக்கணும்?

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகைக்காரர்களின் பொதுக் கணக்கு. ஒடுங்கிய தமிழுக்கு நான் ஒன்றரை வைப்பேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளைக் கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அங்குள்ள கணினியில் ஒற்றைக்கொம்பு இடம் மாறிவிடக்கூடும். 'ண' வரும் ஒரு சொல்லை மட்டும் அசல் அளவில் தாளில் எடுத்து, கடை வாசலில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று படித்துப் பாருங்கள்.