அட்ரினலின் வெளியேறும்போது செல் கிழிவதில்லையா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், "அட்ரினலின் செல்லுக்குள் சிறு பைகளில் இருக்கிறது, பயந்தால் வெளியே கொட்டுகிறது என்று படித்தேன். அப்படிக் கொட்டும்போது செல்லின் சவ்வு கிழிந்துவிடாதா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சவ்வே கொழுப்பால் ஆனது என்கிறார்கள். என் கணவர் கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் இந்தச் சுரப்பு குறைந்துவிடுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி இது.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைக் குறுக்கே வெட்டினால் ஓரம் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் நடு வெளிறியும் தெரியும். அட்ரினலினைச் சேர்த்து வைக்கும் குரோமாஃபின் செல்கள் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது இறைச்சிக்கூடத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மாட்டுச் சுரப்பிகள் வரும். அவற்றின் சிரை வழியாக கொலாஜினேஸ் நொதியைச் செலுத்தி, 37 டிகிரி சூட்டில் வைத்து, சதை தளர்ந்ததும் நடுப்பகுதியைப் பிரித்தெடுத்து நைலான் வலையில் வடிகட்டுவோம். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான பைகள். ஒரு பையின் குறுக்களவு சுமார் 0.3 மைக்ரான்.

பையைச் சுற்றியும் கொழுப்புச் சவ்வுதான், செல்லைச் சுற்றியும் அதுதான். குழம்பின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் தொட்டவுடன் ஒன்றாவதுபோல இரண்டும் இணைகின்றன. கிழிசலுக்கு இடமே இல்லை. பையின் சவ்வும் சேர்ந்துகொள்வதால் செல்லின் மேற்பரப்பு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. 1982இல் எர்வின் நேஹரும் அலேன் மார்ட்டியும் மாட்டுக் குரோமாஃபின் செல்லிலேயே அந்தக் கூடுதலை மின்முறையில் அளந்து காட்டினார்கள். கூடிய சவ்வைச் செல் பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் எண்ணெய்ப் பொட்டு தானாகச் சேரும், சவ்வு சேராது. நீர் சூழ்ந்த இரண்டு சவ்வுகள் ஒன்றையொன்று விலக்கும். ஸ்னேர் புரதங்கள் அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன, கால்சியம் முடுக்கிவிடுகிறது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சவ்வின் கொழுப்புக்கும் இதில் நேரடி வேலை இருக்கிறது.

டிஜிட்டோனின் என்ற பொருள் சவ்வில் உள்ள கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு நுண்துளைகள் போடும். அந்தத் துளைகள் வழியாகச் செல்லுக்குள் கால்சியம் மட்டும் கொடுத்தால் சுரப்பு சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறும் கொடுத்தால் தொடரும். அந்த ஏடிபி எதற்குச் செலவாகிறது? 1990இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹோல்ஸின் குழு, பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதியால் இந்தச் செல்களின் இனாசிட்டால் கொழுப்புகளைச் சிதைத்துப் பார்த்தது. கால்சியம் இருந்தும் சுரப்பு சரிந்தது. 1995இல் விஸ்கான்சினில் தாமஸ் மார்ட்டினின் குழு, எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில், ஏடிபியைக் கொண்டு பிப்-2 (PIP2) என்ற இனாசிட்டால் கொழுப்பை உண்டாக்கும் நொதி சுரப்புக்குத் தேவை என்று காட்டியது.

பிப்-2 சவ்வின் கொழுப்பில் மிகச் சொற்பம்தான். செல் சவ்வின் உட்புறத்தில் இருக்கிறது, அதன் தலைப்பகுதியில் எதிர்மின்னேற்றம் மிகுதி. கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின் புரதம் அதைப் பற்றிக்கொண்டுதான் பையைச் செல் சவ்வோடு நெருக்குகிறது. பிப்-2 கூடினால், உடனே வெளியேறத் தயாராக நிற்கும் பைகளும் கூடுகின்றன. ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது வெளியே வரச் சவ்வு தயாராக இருக்கிறதா என்பதும் சுரப்பைத் தீர்மானிக்கிறது.

உங்கள் மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அட்ரினலினை மின்னோட்டமாக உணரும் மெல்லிய கார்பன் இழையைச் செல்லின் மேல் வைத்தால், ஒவ்வொரு பை திறக்கும்போதும் திரையில் ஒரு கூரிய மேடு எழும். சில மேடுகளுக்கு முன்னால் தாழ்வான ஒரு சிறு படி தெரியும். வாசல் இன்னும் முழுதாகத் திறக்காமல் அட்ரினலின் கசிகிற நேரம் அது. அந்தக் குறுகிய வாசலில் சவ்வு கடுமையாக வளைய வேண்டியிருக்கிறது, அதனால் கொழுப்பு மூலக்கூறுகளின் வடிவமும் முக்கியம். பாஸ்பாடிடிக் அமிலம் போன்ற சிறுதலைக் கொழுப்பு இணைப்புக்கு உதவும். பெரிய தலையும் ஒற்றை வாலும் கொண்ட லைசோலெசித்தினைச் சவ்வுகள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் சேர்த்தால், அவை சேர்வது தடைப்படும். முதன்முதலில் அந்தப் படியைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

இனி உங்கள் கணவர் விஷயம். கவலை வேண்டாம். பிப்-2ஐச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது, இரத்தத்தின் கொலஸ்டிரால் அளவை நம்பி அது இல்லை. சுரப்பியின் வெளிப்புறத்தில் உருவாகும் கார்ட்டிசாலுக்குக் கொலஸ்டிரால் மூலப்பொருள்தான். ஆனால் அந்தச் செல்கள் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதோடு தாங்களும் தயாரித்துக்கொள்ளும். வழக்கமான அளவு மாத்திரையால் அதற்குத் தட்டுப்பாடு வருவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.